பாடகர் பக்கத்தில் உட்காரப்போகும் பிள்ளைகளுக்கு

மைசூரில் பிடில் கற்றுக்கொண்டிருக்கும் அன்பான பிள்ளைகளே,

உங்களில் சிலர் இந்த வருஷம்தான் முதன்முதலாக ஒரு பாடகருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கியிருக்கிறீர்கள். பிள்ளையார் சதுர்த்திப் பந்தலில், கொலு வீட்டில், யாரோ ஒரு குழந்தையின் பரதநாட்டிய அரங்கேற்றத்தில் என்று உங்களைக் கேட்டுக்கொண்டு வருகிறேன். விரல் நன்றாக ஓடுகிறது. சுருதி சுத்தமாக நிற்கிறது. எங்கள் காலத்தில் இருபது வயதுக்கு மேல் வந்த துரிதம் உங்களுக்குப் பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் வந்துவிடுகிறது. ஆனால் கச்சேரி முடிந்ததும் பேச்சுக் கொடுத்தால், "இன்னும் கொஞ்ச நாள் பக்கவாத்தியம் வாசிச்சுட்டு, அப்புறம் தனிக் கச்சேரிக்குப் போயிடணும் மாமி" என்கிறீர்கள். பஸ் வரும்வரை மரநிழலில் நிற்பதைப் போல அந்த இடத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். அதைக் கேட்ட வருத்தத்தில்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

தனிக் கச்சேரி வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. லால்குடி ஜெயராமன், எம்.எஸ். கோபாலகிருஷ்ணன், டி.என். கிருஷ்ணன் மூவரும் தனியாகவும் வாசித்தார்கள், பாடகர்களுக்குப் பக்கத்திலும் வாசித்தார்கள். நம் ஊரிலேயே நாகராஜ், மஞ்சுநாத் சகோதரர்கள் இரட்டைப் பிடிலைத் தேசம் தேசமாகக் கொண்டுபோயிருக்கிறார்கள். உங்களுக்கும் அந்த நாள் வரட்டும். நான் சொல்ல வருவது, பாடகரின் பக்கத்து இடம் தன்னளவிலேயே ஒரு முழு வாழ்க்கை என்பதை. அந்த வாழ்க்கையை மிகப் பெரிதாக வாழ்ந்து காட்டியவர் நம்மூர்க்காரர். அவர் பெயரை ஊர்ப் பெயரோடு சேர்த்தே உலகம் சொல்கிறது: மைசூர் சௌடையா.

டி. நரசிப்புரம் உங்களுக்குத் தெரியும். காவிரியும் கபிலையும் கூடுகிற இடம். அங்கே ஆற்றங்கரையில் இருக்கிற திருமகூடலுவில் 1895-ல் பிறந்தவர் அவர். பெயருக்கு முன்னால் வரும் 'டி' அந்த ஊர்தான். பின்னாளில் தாமே கீர்த்தனைகள் இயற்றியபோது வைத்துக்கொண்ட முத்திரையும் 'திரிமகுட'. 1910-ல் சிறுவனாக மைசூருக்கு வந்து பிடாரம் கிருஷ்ணப்பாவிடம் சேர்ந்தார். எட்டு வருஷம் குருகுலவாசம்.

இந்தக் கிருஷ்ணப்பா யார் என்பதைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். அவர் பாடகர். அரண்மனை வித்வான். தாசர்களின் தேவரநாமங்களைக் கச்சேரி மேடையில் கௌரவமாக உட்கார வைத்தவர் என்று கன்னடத்துக்காரர்கள் அவரை இன்றும் நினைக்கிறார்கள். நாராயண சாஸ்திரி சாலையில் இருக்கும் ராமமந்திரம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அப்படிப்பட்ட ஒரு பாடகரிடம்தான் சௌடையா பிடில்காரராக உருவானார். குருவின் குரல்தான் அவருக்குப் பாடப்புத்தகம். ஒரு சங்கதி குரலில் எப்படி வளைகிறது, எந்த எழுத்தில் மூச்சு விழுகிறது, எந்தச் சொல்லை அழுத்த வேண்டும் என்பதெல்லாம் காது வழியாக உள்ளே போய் வில் வழியாக வெளியே வந்திருக்கிறது.

நீங்கள் இப்போது கற்றுக்கொள்ளும் முறையை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. ஸ்வரக் குறிப்பைப் பார்த்து வாசிக்கிறீர்கள். பாட்டின் சாகித்யம் பாதிப்பேருக்குத் தெரிவதில்லை. பல்லவியில் என்ன சொல் வருகிறது என்று கேட்டால் ஸ்வரத்தைச் சொல்கிறீர்கள். சொல் தெரியாமல் வில்லை எங்கே திருப்புவீர்கள்? பாடகர் ஒரே சொல்லை ஒரே மூச்சில் இழுத்துக்கொண்டு போகும்போது நீங்கள் நடுவில் வில் மாற்றினால் அந்தச் சொல் இரண்டாக வெட்டுப்படுகிறது. கேட்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் ஏதோ உறுத்தும். நிரவலில் இது இன்னும் மோசம். ஒரு வரியை எடுத்துக்கொண்டு பாடகர் ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக விரிக்கிறார். சொற்கள் தாளத்தில் தங்கள் இடத்தை விட்டு நகரக் கூடாது. சொல்லைத் தெரிந்துகொள்ளாத பிடில் அங்கே வெறும் ராகத்தை வாசித்துவிட்டு நின்றுவிடும்.

பெங்களூருக்குப் போகும்போது சௌடையா நினைவு மண்டபத்தைப் பார்த்திருப்பீர்கள். 1980-ல் திறக்கப்பட்டது. கட்டடமே பிடில் வடிவம், மேலே ஏழு தந்திகள். அந்த ஏழின் கதையைப் பெரும்பாலும் ஒரு மேதையின் புதுமை என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் வேறு ஒன்று தெரிகிறது. 1920-களில் ஒலிபெருக்கி இல்லை. கோயில் மண்டபத்திலும் கல்யாணப் பந்தலிலும் கூட்டம் பெருகிக்கொண்டே போயிற்று. பாடகர்கள் மேல் ஸ்தாயியில் கணீரென்று பாடிக் கடைசி வரிசையை எட்டினார்கள். நாலு தந்திப் பிடில் முன்வரிசையோடு நின்றது. பாடகருக்குப் பதில் சொல்ல வேண்டிய வாத்தியம் பாதிக் கூட்டத்துக்குக் கேட்கவே இல்லை என்றால் அது என்ன சம்பாஷணை? 1927 வாக்கில் சௌடையா மேலும் மூன்று தந்திகளைச் சேர்த்தார். மூன்று தந்திகளுக்குத் துணையாக இன்னும் மூன்று. ஒரே வில்லில் இரண்டிரண்டாக ஒலிக்கும்படி அமைத்தார். ஒலி பெருகியது, நாதத்துக்குக் கனம் வந்தது.

அது எவ்வளவு கஷ்டம் என்று பிடில் பிடித்தவர்களுக்குத்தான் தெரியும். விரல் இரண்டு தந்திகளை ஒரே அளவில் அழுத்த வேண்டும். இம்மி விலகினாலும் இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போடும். கச்சேரி நடுவில் ஏழையும் சுருதி சேர்க்க வேண்டும். அந்த நாதம் பிடிக்காதவர்களும் இருந்தார்கள். நாலு தந்தியின் தனிச் சுத்தம் அதில் இல்லை என்றார்கள். அவர்கள் காதில் பட்டது அவர்களுக்கு உண்மை. ஆனாலும் இவ்வளவு பாடுபட்டு அவர் எதற்காக அந்த வாத்தியத்தைச் செய்துகொண்டார் என்று பாருங்கள். பெரிய குரலுக்குப் பக்கத்தில் ஈடுகொடுத்து உட்காருவதற்காக. பக்கவாத்தியம் அவருக்கு இடைக்காலம் என்றால் இந்தச் சிரமம் எதற்கு? தனியாக வாசித்திருந்தால் போட்டிக்குக் குரல் இல்லை, நாலு தந்தியே போதும்.

அவர் காலத்தில் கர்நாடக சங்கீதப் பிடிலுக்கு மூன்று பெயர்கள்: துவாரம் வெங்கடசாமி நாயுடு, கும்பகோணம் ராஜமாணிக்கம் பிள்ளை, மைசூர் சௌடையா. துவாரம் தனிக் கச்சேரிக்குப் பெயர் வாங்கியவர். ராஜமாணிக்கம் பிள்ளை என்றதும் அரியக்குடிக்குப் பக்கத்தில் அவர் அமைதியாக வாசித்த அழகு நினைவுக்கு வரும். சௌடையாவும் அரியக்குடி, முசிரி, செம்மங்குடி, ஜி.என்.பி. என்று எல்லாப் பெரியவர்களுக்கும் வாசித்தார். இத்தனை பேருக்கு நடுவே அவர் பெயரோடு பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொண்ட பாடகர் ஒருவர் உண்டு. பாலக்காட்டுப் பக்கம் கோட்டாயியிலிருந்து வந்த செம்பை வைத்தியநாத பாகவதர்.

இருவரும் ஏறக்குறைய ஒரே வயதுக்காரர்கள். செம்பையின் குரல் வெண்கலம். அலங்காரம் குறைவு, ஒளிவுமறைவு இல்லை, நேராக வந்து மார்பில் மோதும். பாட்டின் எந்த இடத்திலிருந்து வேண்டுமானாலும் நிரவலையோ ஸ்வரத்தையோ எடுத்துவிடுவார் என்பது அவரைப் பற்றி எல்லோரும் சொல்வது. பல்லவித் தொடக்கம், சரணத்தின் நடு, ஏதோ ஒரு சொல்லின் பாதி, எங்கே தோன்றினாலும் அங்கே நின்று கிளைவிட்டு விரிவார். ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்து வாசிக்கிற பக்கவாத்தியம் அப்படிப்பட்ட பாடகரிடம் ஒரு பாட்டுக்கு மேல் தாங்காது. சௌடையா பல வருஷம் தாங்கினார். அதற்கு மேலும் அவருக்கு அது ஆனந்தமாக இருந்திருக்கிறது. செம்பை, சௌடையா, பாலக்காடு மணி ஐயர் மூவரும் சேர்ந்த மேடை அந்தத் தலைமுறைக்கே ஒரு திருவிழா என்று என் ஆசிரியர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

செம்பையிடமும் ஒரு குணம் இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் இந்த அன்பு ஏன் நிலைத்தது என்று புரியாது. பக்கத்தில் உட்கார்ந்தவர்களை அவர் வளர்த்தார். அவரே இளமையில் பிடிலும் புல்லாங்குழலும் கற்றவர்; பக்கத்து வாத்தியத்தின் பாடு அவருக்குத் தெரியும். மணி ஐயர் சிறுவனாக இருந்த காலத்திலேயே அவரைச் சென்னை மேடைக்கு அழைத்துக்கொண்டு வந்து எல்லோரும் கேட்கும்படி செய்தவர் செம்பைதான். பிற்பாடு ஜேசுதாஸ் வரைக்கும் எத்தனையோ பேருக்கு அவர் கை கொடுத்திருக்கிறார். பாடகர் இடம் விட்டால்தான் பிடில் பேச முடியும். இடம் விடுகிற பாடகர் கிடைத்தால் அவரை விடாதீர்கள். பெரிய பெயர்தான் வேண்டும் என்று தேடாதீர்கள், உங்களைக் கேட்கிற பாடகரைத் தேடுங்கள்.

சௌடையாவின் அன்புக்கு எனக்குத் தெரிந்த மிகப் பெரிய சாட்சி ஒரு சினிமா. 1943-ல் 'வாணி' என்ற கன்னடப் படத்தை அவர் தயாரித்தார். ஹிரண்ணையா இயக்கினார், சௌடையாவே நடித்தார். சொந்தப் பணம், சொந்தப் படம், காமிராவும் அவருக்காகவே திரும்பியிருக்கிறது. அந்தப் படத்தில் ஒரு கச்சேரி வருகிறது: நடுவில் செம்பை பாடுகிறார், ஒரு பக்கம் மணி ஐயர் மிருதங்கம், இன்னொரு பக்கம் ஏழு தந்திப் பிடிலோடு சௌடையா. அந்தச் சில நிமிஷங்கள் பிழைத்திருப்பதால்தான் நடுவயதில் அந்த மூவரும் ஒரே மேடையில் எப்படி இருந்தார்கள் என்று நம்மால் பார்க்க முடிகிறது. வேண்டிய மாதிரி படமெடுக்க வசதியிருந்த பிடில்காரர் தாம் நேசித்த பாடகரை வரவழைத்து நடுவில் உட்கார வைத்துவிட்டு, தாம் எப்போதும் உட்காரும் இடத்திலேயே போய் உட்கார்ந்திருக்கிறார். அந்தக் காட்சியை நீங்கள் அவசியம் தேடிப் பாருங்கள். செம்பை பாடும்போது சௌடையாவின் முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கவனியுங்கள்.

ஒலிநாடாவிலும் அந்தக் கச்சேரிகள் சில கிடைக்கின்றன. ஆலாபனையில் காது வையுங்கள். பாடகர் ஒரு பிடியைப் பாடி நிறுத்துகிறார். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு பிடில் மெல்ல இழைகிறது. முழுவதையும் திருப்பிச் சொல்வதில்லை. அடுத்த பிடிக்குப் பாடகர் மூச்செடுக்கிற இடைவெளியில் கடைசி ஸ்வரத்தை மட்டும் தாங்கிப் பிடிக்கிறது. சபையில் பாதிப்பேருக்கு அப்போது பிடில் வாசிக்கப்படுவதே தெரியாது. ஆனால் அந்த இழையை எடுத்துவிட்டால் ஆலாபனை துண்டு துண்டாகிவிடும். வயதான பாடகருக்கு மேல் ஷட்ஜம் எட்டாமல் போகும் நாளில் பிடில் அந்த ஷட்ஜத்தை முன்கூட்டியே எட்டிப்பிடித்து வைத்திருக்கும். குரல் அதில் வந்து சாய்ந்துகொள்ளும். இதற்குக் கைதட்டல் கிடைக்காது. பாடகர் திரும்பி ஒரு தரம் பார்ப்பார். எனக்கு அந்தப் பார்வைகள் சில கிடைத்திருக்கின்றன. இத்தனை வருஷ வாசிப்பில் நான் பத்திரப்படுத்தி வைத்திருப்பவை அவைதான்.

என் வாழ்க்கையைப் பற்றி இங்கே நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. பஜனை, ஹரிகதை, நாட்டிய அரங்கேற்றம், எப்போதாவது சபாக் கச்சேரி என்று வாசித்திருக்கிறேன். அரங்கேற்றம் வாசிப்பதைத் தாழ்வாக நினைக்காதீர்கள் என்று மட்டும் சொல்கிறேன். பாடுகிறவருக்கு ஒரு கண், ஆடுகிற குழந்தைக்கு ஒரு கண் வைத்துக்கொண்டு, நட்டுவாங்கத்தின் சொல்லையும் காதில் வாங்கி, பதத்தில் வில்லைக் குழைக்கக் கற்றுக்கொண்டவருக்குக் கச்சேரி மேடையில் பயமே வராது. ஒரு முறை ஓர் அழைப்பிதழில் பாடகர், மிருதங்கக்காரர், நாட்டியப் பெண்ணின் தாத்தா பாட்டி எல்லோர் பெயரும் அச்சாகி, என் இடத்தில் 'பிடில்' என்று வாத்தியத்தின் பெயர் மட்டும் இருந்தது. அது நடந்து வெகு காலமாகிவிட்டது, ஆனால் இன்றும் உங்களில் சிலருக்கு நடக்கிறது என்று கேள்விப்பட்டேன். சம்மதிக்காதீர்கள். பக்கத்து இடம் சிறியதில்லை என்று நம்புகிறவர்கள்தான் முதலில் தங்கள் பெயரையும் நியாயமான சம்மானத்தையும் கூச்சமில்லாமல் கேட்க வேண்டும். அடக்கம் வாசிப்பில் இருக்கட்டும்.

வானொலியைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும், ஏனென்றால் அது நம் ஊர்ச் சொத்து. 1935-ல் மகாராஜா கல்லூரி மனோதத்துவப் பேராசிரியர் கோபாலசாமி இங்கே தொடங்கிய சின்ன நிலையத்துக்கு வைத்த 'ஆகாசவாணி' என்ற பெயரைத்தான் பிறகு நாடே எடுத்துக்கொண்டது. வானொலி நிலையங்களில் நிலைய வித்வான் என்று பிடில்காரர்கள் இருந்தார்கள். காலையில் பக்திப் பாடல், மத்தியானம் மெல்லிசை, சாயங்காலம் வெளியூரிலிருந்து வரும் பெரிய வித்வானுக்குப் பக்கவாத்தியம். ஒரு கட்டை, ஐந்தரைக் கட்டை என்று ஒரே நாளில் சுருதியை ஏற்றி இறக்கி, முன்பின் பார்த்திராத பாடகரோடு சிவப்பு விளக்கு எரிந்ததும் வாசிக்க வேண்டும். நிகழ்ச்சி முடிவில் அறிவிப்பாளர் சொல்லும் ஒரு வரியில்தான் அவர்கள் பெயர் வரும். சினிமா ஒலிப்பதிவுக் கூடங்களில் வாசித்தவர்களுக்கு அந்த ஒரு வரியும் இல்லை. வி.எஸ். நரசிம்மன் மாதிரி சிலர் பெயரை, இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்' வந்த பிறகு ரசிகர்கள் தெரிந்துகொண்டார்கள். மற்றவர்களின் வில்லை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம், அவர்கள் யாரென்று தெரியாமலே. உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் அப்படிப் பணி ஓய்வு பெற்ற ஒரு வித்வான் இருந்தால், தேடிப்போய்ப் பேசுங்கள். எந்தப் பாடகர் எந்த இடத்தில் எதிர்பாராமல் திரும்புவார் என்கிற ஞானம் எந்தப் புத்தகத்திலும் இல்லை, அவர்கள் விரலில் இருக்கிறது.

பெண் பிள்ளைகள் நீங்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள், அதனால் இது உங்களுக்கு. ஆண் பாடகர்கள் பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைக்கத் தயங்கிய காலம் ஒன்று இருந்தது; பெண்களுக்கு வாசிக்க மறுத்த மிருதங்க மேதைகளும் இருந்தார்கள். அந்தச் சூழ்நிலையில் விஜயநகரத்திலிருந்து வந்த அ. கன்யாகுமரி என்ற பெண் எம்.எல். வசந்தகுமாரியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பக்கவாத்தியமாக வந்தவர் எம்.எல்.வி.க்கே சிஷ்யையும் ஆனார். வருஷக்கணக்காக ஒரே குரலைப் பின்தொடர்ந்த அந்தப் பிடில் பிறகு தன் வழியில் எவ்வளவோ தூரம் போயிற்று. 2016-ல் மியூசிக் அகாடமி அவருக்கு சங்கீத கலாநிதி கொடுத்தது. எம்.எல்.வி.யை அவர் எங்கும் மறைத்துப் பேசியதில்லை. சௌடையாவுக்கும் செம்பைக்கும் இருந்ததை நான் ஆண்களின் நட்பு என்று மட்டும் நினைத்துவிடாமல் காத்தது கன்யாகுமரியின் கதைதான்.

சௌடையாவைப் பற்றி முடிக்கிறேன். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால் எதையாவது இழந்தாரா? மைசூர் அரண்மனை அவரை ஆஸ்தான வித்வானாக்கியது. செம்பைக்கு 1951-ல் கிடைத்த அதே சங்கீத கலாநிதி சௌடையாவுக்கு 1957-ல் கிடைத்தது. மைசூரில் அய்யனார் இசைக் கல்லூரியைத் தொடங்கினார். கண்டதேவி அழகிரிசாமி மாதிரி தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அவரிடம் வந்து கற்றார்கள், பிற்காலத்தில் எம்.எஸ். சுப்புலட்சுமியின் பக்கத்தில் நீங்கள் கேட்ட பிடில் அந்த அழகிரிசாமியுடையதுதான். 1967 ஜனவரியில் சௌடையா காலமானார். ஒலிபெருக்கி வந்தபின் ஏழு தந்திக்கு அவசியம் குறைந்தது. இன்று அதைக் கையில் எடுப்பவர்கள் அபூர்வம். அந்த வாத்தியத்தை நீங்கள் மீட்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

நான் கேட்பது இதைத்தான். ஒவ்வொருவரும் ஒரு பாடகரைத் தேர்ந்தெடுங்கள். உயிரோடு இருப்பவரானால் இன்னும் நல்லது. உங்கள் வயதுக்காரராக, உங்கள் தெருக்காரராக இருந்தால் அதைவிட நல்லது. அவர் பாடும் பாட்டுகளை முதலில் வாயால் பாடக் கற்றுக்கொள்ளுங்கள். தெலுங்கோ கன்னடமோ தமிழோ சம்ஸ்கிருதமோ, சொல்லின் அர்த்தம் தெரிந்த பிறகே வில்லை எடுங்கள். அவர் பாடுகிற கச்சேரிக்கு நீங்கள் வாசிக்காத நாளிலும் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். எங்கே மூச்செடுக்கிறார், எந்த ராகத்தில் கை நீட்டுகிறார், எதில் தயங்குகிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள். வி.வி. மொஹல்லா எட்டாவது கிராஸ் பிள்ளையார் உற்சவத்துக்கு 1962 முதல் இந்த ஊர் நூற்றுக்கணக்கான பாடகர்களை வரவழைத்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பந்தலைவிடப் பெரிய பள்ளிக்கூடம் உங்களுக்கு வேண்டியதில்லை. ஸ்வரத்தில் பதில் சொல்ல வேண்டிய நேரத்தில் நன்றாகவே சொல்லுங்கள், பயப்படாதீர்கள். ஆனால் அவர் சொன்னதற்குத்தான் பதில் சொல்லுங்கள்; வீட்டில் தயார் செய்துகொண்டு வந்த கணக்கை அங்கே கொட்டாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் என் வீட்டுக் கதவு திறந்தே இருக்கும். பிடிலோடு வாருங்கள், உங்கள் வயதில் பாடுகிற ஒரு சிநேகிதரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். தனியாக வருகிறவர்களை முதலில் நான் பாடச் சொல்வேன், அதற்குப் பிறகுதான் வாசிக்கச் சொல்வேன்.

அன்புடன்,
லக்ஷ்மிபுரத்திலிருந்து
உங்கள் பிடில் மாமி